பல-பல உறவை டேட்டாபேஸில் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புத்தகப் பட்டியலுக்காக நான் முதன்முதலில் செய்த டேட்டாபேஸில் ஒரே ஒரு டேபிள்தான் இருந்தது. தலைப்பு, ஆண்டு, பக்கங்கள், எழுத்தாளர். இரண்டு பேர் சேர்ந்து எழுதிய புத்தகம் ஒன்று வந்தது. எழுத்தாளர்2 என்று ஒரு ஃபீல்டைச் சேர்த்தேன். மூன்று பேர் எழுதியது வந்தது, எழுத்தாளர்3. அப்புறம் ஒரு தொகுப்பு நூல் வந்தது, அதில் பதினொரு பேர். அன்றைக்குத்தான் கையைத் தூக்கினேன்.

ஃபீல்டு போதவில்லை என்பது சின்னப் பிரச்சினை. ஒருவர் எழுதியதை எல்லாம் எடுக்க மூன்று ஃபீல்டிலும் தேட வேண்டியிருந்தது. சரி, எல்லாப் பெயரையும் ஒரே ஃபீல்டில் காற்புள்ளி போட்டு எழுதிவிடலாமே என்று பார்த்தேன். ஒரு சின்னப் பெயரைத் தேடினால் அந்த எழுத்துகளை உள்ளே வைத்திருக்கும் நீளமான பெயர்களும் சேர்ந்து வந்து நின்றன. யார் முதல் எழுத்தாளர், யார் மொழிபெயர்த்தவர் என்று குறித்துவைக்கவும் இடமில்லை.

ஒரு புத்தகத்துக்குப் பல நபர்கள், ஒரு நபருக்குப் பல புத்தகங்கள். இரண்டு பக்கமும் பல என்பதால் இதைப் பல-பல உறவு என்கிறோம், மெனி டு மெனி. ரிலேஷனல் டேட்டாபேஸில் இரண்டு டேபிள்களுக்கு நடுவே இதை நேரடியாகப் போட வழியில்லை. நடுவில் மூன்றாவதாக ஒரு டேபிள் வேண்டும். இணைப்பு டேபிள் என்றும் ஜங்ஷன் டேபிள் என்றும் சொல்வார்கள்.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். அந்த மூன்றாவது டேபிளை வெறும் ஒட்டுப்பசையாக நினைத்து, இரண்டு எண்களைப் போட்டு மூடிவிடுகிறார்கள். உண்மையில் அது தனக்கென்று ஒரு பெயரும் விவரங்களும் உள்ள பொருள். 1976-இல் பீட்டர் சென் என்ற கணினி அறிஞர் டேட்டாபேஸ்களைப் படமாக வரையும் முறையைக் கொண்டுவந்தபோதே உறவுக்கென்று தனியாக ஒரு சாய்சதுரம் போட்டார். அதற்கும் பண்புகள் இருக்கலாம் என்று வைத்தார். அந்தச் சாய்சதுரம்தான் நம்முடைய மூன்றாவது டேபிள்.

கீழே சொல்வதை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். மற்ற டேட்டாபேஸ் மென்பொருள்களான லிப்ரெஆபிஸ் பேஸ், எஸ்க்யூலைட், ஃபைல்மேக்கர் எங்கே மாறுகின்றனவோ அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

## படி 1: கணினியைத் திறக்கும் முன் இரண்டு கேள்விகள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: இந்த இணைப்புக்கு என்ன பெயர்? "புத்தகநபர்" என்று இரண்டையும் ஒட்டிவைத்தால் அது பெயரில்லை, சோம்பேறித்தனம். புத்தகத்துக்கும் நபருக்கும் நடுவே இருப்பது ஒரு பங்களிப்பு. புத்தகத்துக்கும் உறுப்பினருக்கும் நடுவே இருந்தால் அது இரவல். மாணவருக்கும் பாடத்துக்கும் நடுவே பதிவு. பெயர் கிடைத்த உடனே அதற்குள் என்ன வரவேண்டும் என்பது தானாகத் தெரியும். இரவல் என்று எழுதினால் கொடுத்த தேதி, திரும்பிய தேதி இரண்டும் கேட்காமலே வந்து உட்காரும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம்: ஒரே ஜோடி மறுபடியும் வரலாமா? அதே நபர் அதே புத்தகத்தோடு இரண்டாவது தடவை இணைய முடியுமா? கீ (ஒரு வரியைத் தனித்து அடையாளம் காட்டுவது) எது, ஃபார்ம் (தரவை நிரப்பும் திரை) எப்படி, குவெரியில் (டேபிள்களிடம் கேட்கும் கேள்வியில்) எங்கே கணக்குத் தப்பும் என்பதெல்லாம் இந்தப் பதிலில் இருக்கிறது.

பங்களிப்பை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு புத்தகத்தை எழுதியிருக்கிறார், அதன் அட்டைப்படத்தையும் அவரே வரைந்திருக்கிறார். அப்படியானால் ஜோடி மறுபடி வரும், ஆனால் பங்கு வேறு. எழுத்தாளர் என்று இரண்டு தடவை வரக்கூடாது. ஆக, புத்தகம், நபர், பங்கு மூன்றும் சேர்ந்துதான் தனித்தன்மை. இந்த ஒரு வரியைத் தாளில் எழுதிவைத்துவிட்டு மேலே போங்கள்.

## படி 2: டேபிள்கள்

ஃபீல்டு பெயர்களை இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன். ஆக்சஸ் டேபிளில் தமிழ்ப் பெயர் வைக்க முடியும். ஆனால் ஆக்சஸுக்குள் நிரல் எழுதும் விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் தெரியாது, அங்கே போனால் பெயர் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கும். அதனால் உங்கள் ஃபைலில் பெயர்களை ரோமன் எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். உள்ளே போகிற தரவு தமிழில் இருக்கலாம், சிக்கலில்லை.

கிரியேட் டேப்பில் டேபிள் டிசைனை எடுத்து, புத்தகங்கள் என்ற டேபிளில் புத்தக_எண் (ஆட்டோநம்பர், அதாவது ஆக்சஸ் தானே கொடுக்கும் எண்; இதுவே பிரைமரி கீ, டேபிளின் முதன்மைக் கீ), தலைப்பு, ஆண்டு, பக்கங்கள் என்று போடுங்கள். நபர்கள் டேபிளில் நபர்_எண் (ஆட்டோநம்பர், பிரைமரி கீ), பெயர். பங்குகள் என்று ஒரு குட்டி டேபிள்: பங்கு_எண், பங்கின் பெயர். அதில் எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாளர், ஓவியர் என்று நான்கே வரிகள். பங்கை நேரடியாகத் தட்டச்சு செய்ய விட்டால் "மொழிபெயர்ப்பாளர்" நான்கு விதமாக வந்து சேரும், அதற்காகத்தான் இந்தக் குட்டி டேபிள்.

நபர்கள் டேபிளில் எழுத்தாளர்களை மட்டும் வைத்து, மொழிபெயர்ப்பாளர்களுக்கு இன்னொரு டேபிள் போடத் தோன்றும். வேண்டாம். ஆள் ஒருவர்தான், அவர் என்ன செய்தார் என்பது அந்தந்தப் புத்தகத்தைப் பொறுத்தது.

இப்போது பங்களிப்புகள். ஃபீல்டுகள்: புத்தக_எண், நபர்_எண், பங்கு_எண், வரிசை. முதல் மூன்றும் நம்பர் வகை, ஃபீல்டு சைஸ் லாங் இன்டீஜர். இங்கே ஆட்டோநம்பர் போட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கம் ஆட்டோநம்பர், இந்தப் பக்கம் லாங் இன்டீஜர், இதுதான் பொருத்தம். ஃபீல்டு சைஸ் வெறும் இன்டீஜராக இருந்தால் உறவை அமைக்கும்போது ஆக்சஸ் அடம்பிடிக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். டிசைன் வியூவில் நம்பர் ஃபீல்டு போட்டால் டிஃபால்ட் வேல்யூவில் 0 உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அழியுங்கள். பூஜ்யம் எண்ணுள்ள நபர் யாரும் இல்லை. அதை விட்டுவைத்தால், நபரைத் தேர்ந்தெடுக்க மறந்தவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பிழைச் செய்தி வரும்.

நிரப்பிய பிறகு டேபிள் இப்படி இருக்கும்:

| புத்தக_எண் | நபர்_எண் | பங்கு_எண் | வரிசை |
|---|---|---|---|
| 1 | 7 | 1 | 1 |
| 2 | 7 | 1 | 1 |
| 2 | 12 | 1 | 2 |
| 2 | 15 | 2 | 1 |
| 3 | 12 | 1 | 1 |
| 3 | 12 | 4 | 1 |

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். 12-ஆம் நபர் 3-ஆம் புத்தகத்தை எழுதியவரும் அவரே, ஓவியரும் அவரே. வரிசை என்ற ஃபீல்டு அட்டையில் பெயர்கள் வரும் ஒழுங்குக்காக. டேபிளில் எந்த வரி முதலில் இருக்கிறது என்பதை நம்பக்கூடாது. டேபிளுக்கு ஒழுங்கு கிடையாது. யார் பெயர் முன்னால் வரவேண்டும் என்பது உங்களுக்கு முக்கியமென்றால் அதை ஒரு எண்ணாக எழுதியே ஆகவேண்டும்.

## படி 3: கீ

படி 1-இல் தாளில் எழுதியதை இங்கே செயலாக்குகிறோம். டிசைன் வியூவில் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு புத்தக_எண், நபர்_எண், பங்கு_எண் மூன்றின் இடதுபுறச் சதுரங்களையும் தேர்ந்தெடுத்து, பிரைமரி கீ பொத்தானை அழுத்துங்கள். மூன்றின் பக்கத்திலும் சாவிப் படம் வரும். இது மூன்று கீ இல்லை, மூன்று ஃபீல்டு சேர்ந்த ஒரே கீ. பேஸிலும் இதே போலத்தான், தேர்ந்தெடுத்து ரைட் கிளிக்கில் பிரைமரி கீ.

இந்த இடத்தில் காலங்காலமாக ஒரு விவாதம் உண்டு: கூட்டுக் கீயா, தனி ஆட்டோநம்பரா? என் கருத்து, இந்த டேபிளை வேறு எந்த டேபிளும் சுட்டிக்காட்டப் போவதில்லை என்றால் கூட்டுக் கீயே போதும். பங்களிப்புக்குக் கீழே இன்னொரு டேபிள் வரப்போகிறது, உதாரணமாக ஒவ்வொரு பங்களிப்புக்கும் கொடுத்த தொகைகள், என்றால் தனி ஆட்டோநம்பர் வசதி. ஆனால் அப்போதும் மூன்று ஃபீல்டுக்கும் சேர்த்து ஒரு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே கூட்டு மறுபடி வராமல் தடுப்பது) கட்டாயம் வேண்டும். ஆட்டோநம்பரை மட்டும் போட்டுவிட்டு இண்டெக்ஸை மறப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஒவ்வொரு வரிக்கும் வேறு எண் இருக்கிறதே என்று மனம் சமாதானமாகிவிடும். ஒரே எழுத்தாளர் ஒரே புத்தகத்தில் நான்கு முறை உட்கார்ந்திருப்பார்.

யூனிக் இண்டெக்ஸ் போட, டிசைன் டேப்பில் இண்டெக்ஸஸ் விண்டோவைத் திறங்கள். முதல் வரியில் இண்டெக்ஸுக்கு ஒரு பெயர், பக்கத்தில் புத்தக_எண். அடுத்த இரண்டு வரிகளில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு நபர்_எண், பங்கு_எண். அப்புறம் முதல் வரியில் கர்சரை வைத்து, கீழே யூனிக் என்பதை எஸ் ஆக்குங்கள்.

எஸ்க்யூலைட் பயன்படுத்துபவர்கள் கூடுதலாக ஒன்றைச் செய்யவேண்டும். கூட்டுப் பிரைமரி கீயில் இருக்கும் ஃபீல்டுகளில் காலி மதிப்பை, அதாவது நல்லை, அது அனுமதித்துவிடும். பழைய காலப் பிழை, பழைய ஃபைல்கள் உடையக்கூடாது என்று அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் நாட் நல் என்று தனியாகச் சொல்லுங்கள்.

## படி 4: உறவுகளைக் கட்டுவது

டேட்டாபேஸ் டூல்ஸ் டேப்பில் ரிலேஷன்ஷிப்ஸ். நான்கு டேபிள்களையும் கொண்டுவந்து பங்களிப்புகளை நடுவில் வையுங்கள். புத்தகங்களில் இருக்கும் புத்தக_எண்ணை இழுத்து, பங்களிப்புகளின் புத்தக_எண் மேல் விடுங்கள். வரும் பெட்டியில் என்ஃபோர்ஸ் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி என்பதில் டிக் செய்யுங்கள், இல்லாத புத்தகத்தின் எண்ணை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். மற்ற இரண்டுக்கும் இதே.

அந்தப் பெட்டியின் அடியில் ரிலேஷன்ஷிப் டைப் என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை, ஆனால் இலவச மருத்துவர் அது. ஒன் டு மெனி என்று வந்தால் நலம். இன்டிடர்மினேட் என்று வந்தால், "ஒன்று" இருக்கவேண்டிய பக்கத்தில் பிரைமரி கீயோ யூனிக் இண்டெக்ஸோ இல்லை. ஒன் டு ஒன் என்று வந்தால், பங்களிப்புகளில் ஒரு ஃபீல்டுக்கு மட்டும் தனியாகக் கீ போட்டுவிட்டீர்கள். படி 3-க்குத் திரும்புங்கள். சரியாக முடிந்தால் கோட்டின் ஒரு முனையில் 1, மறு முனையில் ∞ தெரியும். ∞ மூன்றும் நடு டேபிளின் பக்கமே இருக்கவேண்டும்.

கேஸ்கேட் டிலீட் (ஒன்றை அழித்தால் தொடர்புள்ள வரிகளும் சேர்ந்து அழிவது) என்ற இன்னொரு டிக் பெட்டியும் அங்கே இருக்கிறது. இதை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடிவு செய்யவேண்டியதில்லை. புத்தகத்தை அழித்தால் அதன் பங்களிப்பு வரிகளுக்கு அர்த்தமில்லை, போகட்டும். அங்கே டிக் செய்யலாம். நபர் பக்கம் செய்யாதீர்கள். இரட்டைப் பதிவு என்று நினைத்து ஒரு நபரை அழிப்பீர்கள். அவருடைய நாற்பது புத்தகங்களிலிருந்தும் பெயர் போய்விடும். டிக் இல்லையென்றால் தொடர்புள்ள ரெக்கார்டுகள் இருக்கின்றன என்று ஆக்சஸ் தடுத்துவிடும். அந்தத் தடை எரிச்சலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பேஸில் டூல்ஸ் மெனுவில் ரிலேஷன்ஷிப்ஸ். கோட்டை இரட்டை கிளிக் செய்தால் அப்டேட், டிலீட் இரண்டுக்கும் தனித்தனி விருப்பங்கள் வரும். எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீயை (இன்னொரு டேபிளின் கீயைச் சுட்டும் ஃபீல்டை) எழுதினால் மட்டும் போதாது. அந்தச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஃபைலோடு இணையும் ஒவ்வொரு முறையும் ஃபாரின் கீஸ் என்ற ப்ராக்மாவை (அமைப்புக் கட்டளையை) ஆன் செய்யவேண்டும். நேற்று வேலை செய்தது இன்று அனாதை வரிகளை உள்ளே விடுகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

இந்த இடத்தில் கேட்பீர்கள்: ஆக்சஸில்தான் மல்டி வேல்யூ ஃபீல்டு இருக்கிறதே, ஒரே கட்டத்தில் பல பேரை டிக் செய்யலாமே? ஆக்சஸ் 2007-இல் வந்தது அது. கண்ணுக்குத் தெரியாமல் ஆக்சஸ் தானே ஒரு இணைப்பு டேபிளை வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த டேபிளை உங்களால் தொட முடியாது. பங்கு, வரிசை எதையும் அதில் சேர்க்க முடியாது. குவெரி எழுதுவதும் கோணலாகிவிடும். பின்னாளில் வேறு டேட்டாபேஸுக்கு மாற்றப்போகும்போது அங்கே அப்படி ஒரு ஃபீல்டே இருக்காது. நான் தொடுவதில்லை.

## படி 5: ஃபார்ம்

டேபிளில் நேரடியாக 2, 12, 1 என்று எண்களைத் தட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. மெயின் ஃபார்மில் ஒரு புத்தகம், அதற்குள் சப்ஃபார்மில் அந்தப் புத்தகத்தின் பங்களிப்புகள், இதுதான் வழக்கமான அமைப்பு.

முதலில் பங்களிப்புகளுக்கு டேட்டாஷீட் வடிவில் ஒரு ஃபார்ம் செய்யுங்கள். நபர்_எண்ணை டெக்ஸ்ட் பாக்ஸாக விடாமல் காம்போ பாக்ஸாக்குங்கள், அதாவது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டியாக. ரோ சோர்ஸில் நபர்கள் டேபிளிலிருந்து நபர்_எண், பெயர் இரண்டும், பெயர் வரிசையில். காலம் கவுன்ட் (நெடுவரிசை எண்ணிக்கை) 2, பவுண்டு காலம் (சேமிக்கப்படும் நெடுவரிசை) 1, காலம் விட்த்ஸில் முதலாவது 0. இப்போது கண்ணுக்குத் தெரிவது பெயர், டேபிளில் சேமிக்கப்படுவது எண். லிமிட் டு லிஸ்ட் எஸ். பங்கு_எண்ணுக்கும் இதையே செய்யுங்கள்.

பேஸில் இந்த எண்ணிக்கை வேறு மாதிரி. அங்கே லிஸ்ட் பாக்ஸில் பவுண்டு ஃபீல்டு பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகிறது. பெயரை முதலிலும் எண்ணை இரண்டாவதாகவும் எடுத்து, பவுண்டு ஃபீல்டை 1 என்று வைத்தால் சரியாக இருக்கும்.

அப்புறம் புத்தகங்களுக்கு ஒரு மெயின் ஃபார்ம் செய்து, பங்களிப்பு ஃபார்மை அதற்குள் இழுத்துப் போடுங்கள். லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ், லிங்க் சைல்டு ஃபீல்ட்ஸ் இரண்டிலும் புத்தக_எண் இருக்கவேண்டும். உறவுகளை முன்பே கட்டியிருந்தால் ஆக்சஸே நிரப்பித் தரும். சப்ஃபார்முக்குள் புத்தக_எண்ணைக் காட்டவேண்டியதில்லை, தானாக நிரம்பும்.

இனி ஒரு பொறி. சப்ஃபார்மில் பெயர் தெரியவேண்டும் என்று, பங்களிப்புகளையும் நபர்களையும் சேர்த்து ஒரு குவெரி எழுதி, அதிலிருந்து பெயர் ஃபீல்டை டெக்ஸ்ட் பாக்ஸாகப் போடுவார்கள். நானும் போட்டேன். பார்க்க அழகாக இருக்கும். ஒரு புத்தகத்துக்குத் தவறான எழுத்தாளர் பதிவாகியிருந்தது. பெயரின் மேல் கர்சரை வைத்து, அழித்து, சரியான பெயரைத் தட்டினேன். அந்தப் புத்தகம் சரியானது. ஆனால் நான் மாற்றியது பங்களிப்பை இல்லை, நபர்கள் டேபிளில் இருந்த அந்த மனிதரின் பெயரை. அவர் எழுதிய மற்ற எல்லாப் புத்தகங்களும் இன்னொருவர் பெயருக்கு மாறிவிட்டன. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, ஏனென்றால் ஆக்சஸைப் பொறுத்தவரை பிழையே இல்லை. பெயரைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் அந்த டெக்ஸ்ட் பாக்ஸின் லாக்டு என்பதை எஸ் ஆக்கிவிடுங்கள். மாற்றங்கள் காம்போ வழியாக மட்டும் நடக்கட்டும்.

பட்டியலில் இல்லாத புது நபர் வந்தால்? காம்போவின் லிஸ்ட் ஐட்டம்ஸ் எடிட் ஃபார்ம் என்ற இடத்தில் நபர்கள் ஃபார்மின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அங்கிருந்தே திறந்து சேர்க்கலாம்.

இது முடிந்ததும் எதிர்ப்பக்கம் இன்னொரு ஃபார்ம் செய்யுங்கள்: மெயினில் நபர், சப்ஃபார்மில் அவருடைய பங்களிப்புகள், காம்போவில் புத்தகங்கள். ஒரே டேபிளுக்கு இரண்டு வாசல். ஃபைல்மேக்கரில் இந்த சப்ஃபார்மின் வேலையைப் போர்ட்டல் செய்கிறது. உறவின் வழியாகப் புதிய ரெக்கார்டு உருவாக அனுமதி கொடுத்தால்தான் போர்ட்டலின் கடைசிக் காலி வரியில் தட்ட முடியும்.

## படி 6: குவெரி, கணக்கு தப்பும் இடங்கள்

நான்கு டேபிள்களையும் குவெரி டிசைனில் போட்டால் கோடுகள் தாமாக வந்துவிடும். தலைப்பு, பெயர், பங்கு மூன்றையும் இழுத்துப் போட்டு ரன் செய்தால் பட்டியல் வரும். அது சுலபம். இதற்குப் பிறகு வரும் மூன்று கேள்விகளில்தான் பிசகும்.

மொத்தப் பக்கங்கள் எத்தனை? நான்கு புத்தகங்கள், முறையே 200, 300, 150, 250 பக்கங்கள். மொத்தம் 900. இவற்றின் பங்களிப்பு வரிகள் 1, 3, 2, 1 என்று வைத்துக்கொள்வோம். பங்களிப்புகளைச் சேர்த்த குவெரியில் பக்கங்களைக் கூட்டினால் 200 + 900 + 300 + 250 = 1650 வரும். மூன்று பேர் பங்களித்த புத்தகம் குவெரியில் மூன்று வரிகளாக நிற்கிறது, அதன் பக்கங்களும் மூன்று தடவை கூடுகின்றன. சந்தேகம் வராத அளவுக்கு நம்பும்படியான எண் என்பதுதான் ஆபத்து.

தீர்வு, புத்தகத்தைப் பற்றிய கணக்கைப் புத்தகங்கள் டேபிளிலேயே போடுவது. "நபர் 7 அல்லது 12 பங்களித்த புத்தகங்களின் பக்கங்கள்" என்று வடிகட்டவேண்டியிருந்தால், முதல் குவெரியில் புத்தக_எண், பக்கங்கள் இரண்டையும் மட்டும் எடுத்து, யூனிக் வேல்யூஸை எஸ் ஆக்கிச் சேமியுங்கள். அதன் மேல் இரண்டாவது குவெரியாகக் கூட்டல். புத்தக_எண்ணை விட்டுவிட்டுப் பக்கங்களை மட்டும் எடுத்தால், ஒரே பக்க எண்ணிக்கை உள்ள இரண்டு புத்தகங்கள் ஒன்றாகச் சுருங்கி, இந்தத் தடவை கணக்கு குறையும்.

7, 12 இருவரும் சேர்ந்து பங்களித்தவை எவை? கிரைட்டீரியாவில் "7 அண்டு 12" என்று போட்டால் ஒன்றுமே வராது. ஒரு வரியில் நபர்_எண் ஒரே நேரத்தில் 7 ஆகவும் 12 ஆகவும் இருக்க முடியாதல்லவா. "7 ஆர் 12" என்று எடுத்து, புத்தக வாரியாகத் தொகுத்து, எண்ணிக்கை 2 வருபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். ஆனால் நம் டேபிளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 3-ஆம் புத்தகத்தை மறுபடி பாருங்கள்: 12-ஆம் நபர் மட்டுமே, ஆனால் இரண்டு பங்குகளில். எண்ணிக்கை 2. அதுவும் பட்டியலில் வந்துவிடும். படி 1-இல் ஒரே ஜோடி மறுபடி வரலாம் என்று நாம் முடிவு செய்ததன் விலை இது. வேறு சில டேட்டாபேஸ்களில் தனித்தனி மதிப்புகளை மட்டும் எண்ணும் கவுன்ட் டிஸ்டிங்ட் இருக்கிறது, ஆக்சஸில் இல்லை. அதனால் இங்கேயும் முதலில் புத்தக_எண், நபர்_எண் இரண்டை மட்டும் யூனிக்காக எடுத்து ஒரு குவெரி, அதன் மேல் எண்ணிக்கை.

மொழிபெயர்ப்பாளர் இல்லாத புத்தகங்கள் எவை? யாருமே பதிவாகாத புத்தகங்கள் வேண்டுமென்றால் ஃபைண்ட் அன்மேச்டு குவெரி விசார்டு போதும். குறிப்பிட்ட பங்கு இல்லாதவை வேண்டுமென்றால் அது உதவாது. புத்தகங்களிலிருந்து பங்களிப்புகளுக்கு லெஃப்ட் ஜாயின் (எல்லாப் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு, பொருந்தும் வரிகளை ஒட்டும் இணைப்பு) போட்டு, பங்கு_எண் 2 இல்லை என்று கிரைட்டீரியா கொடுத்தால், மொழிபெயர்ப்பாளரும் எழுத்தாளரும் உள்ள புத்தகம் எழுத்தாளர் வரியின் வழியாக உள்ளே வந்துவிடும். முதலில் பங்கு_எண் 2 உள்ள வரிகளை மட்டும் ஒரு குவெரியாகச் சேமியுங்கள். அப்புறம் புத்தகங்களிலிருந்து அந்தக் குவெரிக்கு லெஃப்ட் ஜாயின், அந்தப் பக்கத்துப் புத்தக_எண் நல் ஆக, அதாவது காலியாக, இருப்பவை மட்டும்.

ரிப்போர்ட்டில் எல்லாப் பெயரும் ஒரே வரியில் காற்புள்ளியோடு வரவேண்டும் என்று கேட்பார்கள். எஸ்க்யூலைட்டில் குரூப் கான்கேட், ஃபயர்பேர்டு என்ற இன்னொரு டேட்டாபேஸில் லிஸ்ட் என்று அதற்கே ஃபங்ஷன்கள் உண்டு. ஆக்சஸில் ஒரு சின்ன விபிஏ ஃபங்ஷன் எழுதித்தான் ஆகவேண்டும், அல்லது சப்ரிப்போர்ட்.

## ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வந்தால்

இரவலுக்கு மேலே சொன்ன கீ பொருந்தாது. ஒரு உறுப்பினர் ஒரு புத்தகத்தை எடுத்துப்போய், திருப்பித் தந்து, அடுத்த வருடம் மறுபடி எடுக்கலாம். புத்தக_எண், உறுப்பினர்_எண் இரண்டையும் கீ ஆக்கினால் இரண்டாவது தடவை ஆக்சஸ் மறுக்கும். அதனால் இரவல்_எண் என்று ஆட்டோநம்பர் கீ, கூடவே கொடுத்த தேதி, திரும்பிய தேதி. கேஸ்கேட் டிலீட் எந்தப் பக்கமும் வேண்டாம், இது வரலாறு.

ஆனால் இங்கேயும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: வெளியே போயிருக்கும் புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. திரும்பிய தேதி காலியாக உள்ள வரி ஒரு புத்தகத்துக்கு ஒன்றுதான் இருக்கலாம். எஸ்க்யூலைட்டில் 2013-இல் வந்த 3.8.0 முதல், நிபந்தனையோடு கூடிய யூனிக் இண்டெக்ஸ் போட முடியும், வேலை முடிந்தது. ஆக்சஸில் புத்தக_எண், திரும்பிய தேதி இரண்டுக்கும் யூனிக் இண்டெக்ஸ் போட்டுப் பார்க்கத் தோன்றும். பலிக்காது, இரண்டு நல்களை அது ஒன்றென்று எண்ணுவதில்லை. ஃபார்மின் பிஃபோர் அப்டேட்டில், அதாவது ரெக்கார்டு சேமிக்கப்படும் முன் ஓடும் நிரலில், அதே புத்தகத்துக்குத் திரும்பாத இரவல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, இருந்தால் கேன்சல் செய்யவேண்டும்.

ஒரே தலைப்பில் இரண்டு பிரதிகள் வாங்கிவைத்திருந்தால் கதை இன்னும் மாறும். இரவல் போவது புத்தகம் இல்லை, பிரதி. பிரதிகள் என்று ஒரு டேபிள் தேவைப்படும், இரவல் அதைச் சுட்டவேண்டும்.

## பழைய தரவைக் கொண்டுவருவது

எழுத்தாளர்1, 2, 3 என்று ஏற்கெனவே நிரப்பியவர்களுக்கு இது. முதலில் ஃபைலை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஃபீல்டுகளின் பெயர்களையும் ஒரு யூனியன் குவெரியில் ஒன்றாக்குங்கள். இதை டிசைனில் இழுத்துப் போட முடியாது, எஸ்க்யூஎல் வியூவில்தான் எழுதவேண்டும். வெறும் யூனியன் இரட்டைகளை நீக்கும்; யூனியன் ஆல் நீக்காது. நபர்கள் டேபிளை நிரப்ப வெறும் யூனியன்.

நிரப்பும் முன் அந்தப் பட்டியலை அகர வரிசையில் வைத்துக் கண்ணால் ஒரு முறை பாருங்கள். இனிஷியலுக்குப் பின் இடைவெளி இருந்தால் ஒருவர், இல்லாவிட்டால் இன்னொருவர். தமிழில் கூடுதலாகச் சில தொல்லைகள். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ர என்ற எழுத்தைத் தட்டியிருப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு. கொ என்பதைக்கூட யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் எஸ்க்யூலைட்டுக்கு அவை இரண்டு வேறு மனிதர்கள். அகர வரிசையில் இருக்கவேண்டிய இடத்தை விட்டு எங்கோ தள்ளி ஒரு பெயர் நின்றால் சந்தேகப்படுங்கள். திருத்தங்களைப் பழைய டேபிளிலேயே செய்துவிட்டு யூனியனை மறுபடி ஓட்டுங்கள்.

நபர்கள் நிரம்பியதும் மூன்று அப்பெண்டு குவெரிகள், அதாவது வரிகளை இன்னொரு டேபிளில் சேர்ப்பவை. முதலாவதில் பழைய டேபிளின் எழுத்தாளர்1-ஐ நபர்களின் பெயரோடு இணைத்து, புத்தக_எண், நபர்_எண், பங்கு_எண் 1, வரிசை 1 என்று பங்களிப்புகளுக்கு அனுப்புங்கள். இரண்டாவதில் எழுத்தாளர்2, வரிசை 2. மூன்றாவதும் அப்படியே. ஏதாவது புத்தகத்தில் ஒரே பெயர் இரண்டு ஃபீல்டிலும் இருந்தால் கீ அதைத் தடுத்து, இத்தனை ரெக்கார்டுகளைச் சேர்க்கவில்லை என்று சொல்லும். அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சரிபார்ப்பு. பழைய டேபிளில் நிரம்பியிருந்த கட்டங்கள் எழுத்தாளர்1-இல் 412, எழுத்தாளர்2-இல் 97, எழுத்தாளர்3-இல் 23 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 532. கீ தடுத்தவை 2 என்றால் பங்களிப்புகளில் 530 வரிகள் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏதோ ஒரு பெயர் நபர்கள் டேபிளோடு பொருந்தாமல் நழுவியிருக்கிறது. பெரும்பாலும் கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரு இடைவெளி. எண்ணும்போது நல்லையும் வெற்றுச் சரத்தையும் (ஒரு எழுத்தும் இல்லாத உரையையும்) குழப்பிக்கொள்ளாதீர்கள்: வெற்றுச் சரம் உள்ள கட்டத்தைக் கவுன்ட் நிரம்பியதாகவே எண்ணும்.

கணக்கு நேரான பிறகும் பழைய மூன்று ஃபீல்டுகளை உடனே அழிக்காமல், பெயரை மட்டும் பழைய_எழுத்தாளர்1 என்று மாற்றிவைத்துச் சில நாள் ஓட்டுங்கள். அந்த ஃபீல்டுகளை நம்பியிருந்த குவெரியோ ரிப்போர்ட்டோ எங்காவது ஒளிந்திருந்தால், திறந்த உடனே பாராமீட்டர் கேட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதற்கு முன் ஆப்ஷன்ஸில் நேம் ஆட்டோகரெக்டை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆக்சஸ் புதுப் பெயரை அங்கெல்லாம் தானே திருத்திவைத்து, ஒளிந்திருப்பவற்றை இன்னும் நன்றாக ஒளித்துவிடும். எதுவும் கத்தவில்லை என்றானதும் மூன்றையும் அழித்துவிட்டு, காம்பேக்ட் அண்டு ரிப்பேர் ஒரு முறை ஓட்டுங்கள்.